கையில் இருப்பது எஃப்.ஐ.ஆரா, வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா?

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகும் பலர் ஒரு துண்டுத் தாளோடு வீடு திரும்புகிறார்கள், வழக்குப் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில். அந்தத் தாளில் சி.எஸ்.ஆர். எண் (நிலையத்தின் சமூகப் பணிப் பதிவேட்டு எண்) மட்டும் இருந்தால், உங்கள் மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருப்பதுதான் எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. திருட்டுப்போன பைக்குக்கு இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கிறது.

சறுக்கல் புகார் எழுதும்போதே தொடங்கிவிடும். "செல்போனைக் காணவில்லைன்னு எழுதுங்க" என்று நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சொல்வார். அப்படி எழுதினால் அது தொலைந்த பொருள்; குற்றமே இல்லை. பறித்தார்கள் என்றால் பறித்தார்கள் என்றே எழுதுங்கள். நாள், நேரம், இடம், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., பொருளின் மதிப்பு எல்லாம் வேண்டும். மதிப்பு முக்கியம்: 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. பில் இருந்தால் நகலை இணையுங்கள்.

அடுத்தது அலைக்கழிப்பு. "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க." பொறுப்பு அதிகாரி இல்லாதபோது, நிலையத்தில் இருப்பவர்களில் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட அடுத்த பதவிக்காரரே பொறுப்பு அதிகாரி என்கிறது சட்டம். எஸ்.ஐ.யும் இல்லையென்றால் ஏட்டே பதிவு செய்யலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்பதும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆன்லைனில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திடுங்கள்.

"விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கு டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். அனுமதி வாங்கிய தேதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விசாரணையும் நடக்கவில்லை என்றே கொள்ளலாம்.

இடையில் எதிர்த்தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் சி.எஸ்.ஆர். அத்தோடு முடிந்தது. சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஜெராக்ஸ் காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சென்னை போன்ற மாநகரங்களில் துணை ஆணையருக்கு. அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்: எஸ்.பி.யிடம் போனதற்கு ஆதாரம் இல்லாத மனுவைக் கோர்ட் திருப்பிவிடும்.