எந்தத் தோசைக்கு எது தொட்டுக்கொள்ள? மாவு போடும் கணக்கு

சென்னை சைதாப்பேட்டை வடகறிக்குத் துணை மெத்தென்ற செட் தோசையோ இட்லியோதான். அதே வடகறியை முறுகலான நெய் ரோஸ்ட் மேல் ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் ரோஸ்ட் தொய்ந்துபோகும். கர்நாடகத்தின் தாவணகெரேயில் தோசைக்கு வெண்ணெய், மங்களூரில் கோழிக் குழம்பு, குண்டூர்ப் பக்கம் இஞ்சிச் சட்னி, மதுரையில் கறி. ஊருக்கு ஊர் நாக்கு மாறும் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் மாவில் காற்று எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கல்லில் சூடு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்தால், இந்த ஜோடிகள் சும்மா சேரவில்லை என்பது புரியும்.

முதலில் காற்று. உளுந்தை ஊறவைத்து அரைக்கும்போது அதிலுள்ள குளோபுலின் வகைப் புரதமும், அராபினோகாலக்டன் என்ற வழவழப்பான கூட்டுச் சர்க்கரையும் சேர்ந்து காற்றைப் பிடித்து நுரையாக நிறுத்துகின்றன. பிறகு மாவு புளிக்கும்போது, லூக்கோனாஸ்டாக் மீசென்டராய்டிஸ் முதலான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. வாயு நுரைக்குள் மாட்டிக்கொள்ள, மாவு பொங்குகிறது. கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று பலரும் சொல்வார்கள். இந்த பாக்டீரியாக்கள் உளுந்தின் மேலேயே இருக்கின்றன. கை செய்யும் முக்கியமான வேலை அரிசி மாவையும் உளுந்து மாவையும் உப்பையும் அடிவரை ஒன்றாக்குவதுதான். உளுந்து ஊறிய தண்ணீரையே ஊற்றி அரைக்கும் பழக்கத்துக்குத்தான் இங்கே கூடுதல் அர்த்தம் இருக்கிறது.

கல்தோசைக்கு 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு முழு உளுந்தும் 1 தேக்கரண்டி வெந்தயமும் போதும். அரிசி 4 முதல் 6 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு 1 முதல் 2 மணி நேரம். வெந்தயத்தின் காலக்டோமன்னன் பிசின் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் தோசை ஆறினாலும் மென்மை போகாது. 1 கிலோ மாவுக்கு 10 கிராம் அளவில் உப்பு போட்டு, 30 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மே மாதச் சென்னையில் இதற்குள்ளாகவே பொங்கி வழியும். டிசம்பர் ஊட்டியில் ஒரு முழு இரவும் போதாது. மிக்சியில் அரைத்தால் மாவு சூடாகி நுரை குறையும். ஐஸ் தண்ணீர் தெளித்து விட்டு விட்டு அரைப்பது அதனால்தான்.

இப்படிப் பொங்கிய மாவை அடித்துக் கலக்காமல் கெட்டியாக ஒரு கரண்டி ஊற்றி, லேசாக மட்டும் பரப்பி, மிதமான தீயில் மூடி வைத்தால் என்ன ஆகிறது? அடிப்பாகம் வெந்து இறுகுகிறது. வாயுவும் நீராவியும் மேலே கிளம்பிக் குமிழியாக வெடிக்கின்றன. வெடித்த இடத்தைச் சுற்றி மாவுச்சத்து 70 டிகிரியைத் தாண்டி இறுகிவிடுவதால் ஓட்டை மூடிக்கொள்வதில்லை. இந்தத் துளைகள்தான் குழம்பை உறிஞ்சுகின்றன. வடகறி என்பது உதிர்த்த கடலைப்பருப்பு வடை கிடக்கும் மசாலாச் சாறு. சாறு துளைக்குள் இறங்க, வடைத்துண்டு மேலே தங்கும். ஒரே வாயில் இரண்டும் கிடைக்கின்றன. செட் தோசையைத் திருப்பிப் போட்டால் மேல்துளைகள் நசுங்கி அடைபடும். மூடி வைத்து ஒரே பக்கம் வேகவிடுவதன் காரணம் அதுதான்.

ரோஸ்ட் இதற்கு நேர் எதிர். மாவைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, மெல்லிசாக இழுத்து, இருக்கிற ஈரம் அத்தனையையும் விரட்டிவிடுகிறோம். ஈரம் போன மாவுச்சத்து விறைத்து உடையும் பொருளாகிறது. கொஞ்சம் ஈரம் திரும்பினாலும் நெகிழ்ந்துவிடும். ஈரம் போன பிறகுதான் தோசையின் அடிப்பரப்பு 140 டிகிரிக்கு மேல் ஏறும். அங்கே சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. இதற்கு மேயார் வினை என்று பெயர். இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்து நன்றாகப் புளித்த மாவு வெளுத்துப்போய் வருவதற்குக் காரணம், சர்க்கரையை பாக்டீரியாக்கள் தின்று தீர்த்திருப்பதும், புளிப்பு அந்த வினையை மந்தமாக்குவதும். கால் தேக்கரண்டி சர்க்கரை கலந்தால் சிவக்கும். அரைக்கும்போது ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு சேர்ப்பதும் நிறத்துக்காகத்தான்.

கல்லின் சூட்டை அறியத் தண்ணீர் தெளிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். துளி பரவிச் சீறி ஆவியானால் ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் 200 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போய்விட்டது: துளிக்கு அடியில் ஆவிப்படலம் உருவாகி அதைத் தூக்கி நிறுத்துகிறது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் பட்டவுடன் வெந்து, கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வரும். தண்ணீர் தெளித்துத் துடைத்து, வெட்டிய வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது கல்லின் மேற்பரப்பைக் குளிர்வித்து, எண்ணெயை மெல்லிய படலமாக்கவே. எண்ணெய் அதிகமானால் மாவு வழுக்கி, இழுக்க வராது.

தாவணகெரே பெண்ணே தோசைக்கு வருவோம் (கன்னடத்தில் பெண்ணே என்றால் வெண்ணெய்). அந்த ஊர் பொரிக்குப் பெயர்போனது. தோசை மாவிலும் அரிசி, உளுந்தோடு பொரியை நனைத்துச் சேர்த்து அரைக்கிறார்கள். பொரியின் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்தது. அது தண்ணீரை நிறையப் பிடித்துக்கொள்வதால் தோசை உள்ளே மெத்தென்றும் வெளியே முறுகலாகவும் வருகிறது. மேலே போடும் வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு. மிச்சத்தில் தண்ணீரும் பால் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. அந்தப் புரதமும் சர்க்கரையும் கல்லில் சிவந்து தரும் வாசனை எண்ணெயில் கிடைக்காது. வெண்ணெயை மாவு ஊற்றியதுமே போட்டால் கருகும். மேல்ஈரம் வற்றிய பிறகு போட வேண்டும். இவ்வளவு கொழுப்புக்கு மேல் காரசாரமான மசாலா தேவையில்லை என்பதால்தான் அங்கே உருளைக்கிழங்குப் பல்யமும் (பொரியல்) தேங்காய்ச் சட்னியும் மிதமாகவே இருக்கின்றன.

மைசூர் மசாலா தோசையின் நுட்பம் வேறு. மிளகாய், பூண்டு, பொட்டுக்கடலை அரைத்த சிவப்புச் சட்னியை உள்பக்கம் பூசுகிறார்கள். அது துவையல் பதத்தில் கெட்டியாக, 1 தேக்கரண்டிக்கு மிகாமல் இருந்தால்தான் தோசை முறுகலை விடாது. ராயலசீமையின் காரம் தோசையிலும் இதே சங்கதிதான்: மிளகாய்–வெங்காய விழுதுக்கு மேல் பொட்டுக்கடலைப் பொடியைத் தூவுவதால், விழுது விடும் ஈரத்தைப் பொடி உறிஞ்சிக்கொள்கிறது. இவற்றின் உள்ளே வைக்கும் உருளைக்கிழங்கு மசித்துக் கெட்டியாக இருக்க வேண்டும். வெந்த கிழங்கின் மாவுச்சத்து தண்ணீரைப் பூட்டி வைக்கும். தண்ணீராக வைத்த பூரிக் கிழங்கு இங்கே உதவாது.

மங்களூரை ஒட்டிய துளு நாட்டு நீர் தோசையில் உளுந்தும் கிடையாது, புளிப்பும் கிடையாது. பச்சரிசியை 4 மணி நேரமாவது ஊறவைத்து, கொஞ்சம் தேங்காயோடு நைசாக அரைத்து, நீர்மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்காமல் எடுத்தால் முதல் தோசை தண்ணீராகவும் கடைசித் தோசை களியாகவும் வரும், ஏனென்றால் அரிசியைத் தாங்கிப் பிடிக்க நுரை இல்லை. கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விழுந்த மாவிலிருந்து ஆவி பீறிட்டு வருவதால்தான் வலைபோன்ற துளைகள் விழுகின்றன. கரண்டியால் தேய்க்கக் கூடாது. மூடி ஒரு நிமிடம் வைத்து, திருப்பாமல் மடித்து எடுக்கலாம். சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். புளிப்போ முறுகலோ இல்லாத இந்தத் தோசைக்கு ருசி வெளியிலிருந்துதான் வர வேண்டும். கோரி காஸி என்ற தேங்காய்க் கோழிக் குழம்பும் மீன் குழம்பும் ஒருபக்கம், தேங்காய்–வெல்லப் பூரணம் இன்னொருபக்கம் என்று இரண்டோடும் பொருந்துவது இதனால்தான்.

கடலோர ஆந்திரத்துப் பெசரட்டில் அரிசி பேருக்குத்தான். தோலோடு ஊறிய பச்சைப்பயறு, இஞ்சி, பச்சை மிளகாய், முறுகலுக்கு ஒரு கைப்பிடி அரிசி. பயறில் சுமார் 24 சதவீதம் புரதம்; அரிசியில் ஏறக்குறைய 7 சதவீதம்தான். புரதம் மிகுந்த மாவு நன்றாகச் சிவக்கும், ஆனால் வாயில் வறண்டு நிற்கும். மேலே பச்சை வெங்காயம், உள்ளே உப்புமா, தொட்டுக்கொள்ளப் புளியும் வெல்லமும் சேர்ந்த இஞ்சிச் சட்னி என்று எல்லாமே அந்த வறட்சிக்கு மருந்து. அரைத்த மாவை உடனே வார்த்துவிட வேண்டும்; புளிக்கவிட்டால் வாடை மாறிவிடும்.

மதுரைக் கறி தோசைதான் இந்தக் கணக்கின் கெட்டிக்காரத்தனமான விடை. ஊத்தப்பக் கனத்தில் மாவை ஊற்றி, அது அரைவேக்காட்டில் இருக்கும்போதே அடித்த முட்டையை மேலே பரப்புகிறார்கள். முட்டை இறுகுவதற்குள் வதக்கிய ஆட்டுக்கறி மசாலாவைப் போட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டு, திருப்பி அழுத்துகிறார்கள். முட்டைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். அது கறியைத் தோசையோடு ஒட்டவைக்கும், மசாலாவின் ஈரம் தோசைக்குள் இறங்காமலும் தடுக்கும். முட்டை முழுதும் வெந்த பிறகு கறியைப் போட்டால் ஒட்டாது. திருப்பும்போது பாதி கல்லில் கிடக்கும்.

பயணத்துக்குக் கட்டும் தோசைக்கு மிளகாய்ப்பொடியைவிடப் பொருத்தமானது இல்லை. ஆறிய தோசை விறைப்பது ஈரம் போவதால் மட்டுமல்ல, வெந்த மாவுச்சத்து மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கெட்டிப்படுவதாலும்தான். பொடியோடு குழைத்துப் பூசும் நல்லெண்ணெய் மேற்பரப்பிலிருந்து ஈரம் வெளியேறுவதை மட்டுப்படுத்தும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைந்து சீராகப் பரவும். தேங்காய்ச் சட்னிபோலச் சில மணி நேரத்தில் ஊசிப்போகும் ஈரமும் அதில் இல்லை. கல்தோசை ஒன்றுக்கு 1 தேக்கரண்டி பொடி, ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய் என்ற அளவில் இரண்டு பக்கமும் தடவலாம். சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி நசநசத்துவிடும். தட்டில் தனித்தனியாகப் போட்டு நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும்.