செஸ் கற்கும் குழந்தைக்கு வீடியோ போதுமா, தனிப் பயிற்சியாளர் வேண்டுமா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றதற்குப் பிறகு, சென்னையில் செஸ் கற்றுத் தரும் என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான்: யூடியூபில் இத்தனை பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும்போது, மாதாமாதம் பணம் கட்டித் தனிப் பயிற்சியாளரை அமர்த்தத்தான் வேண்டுமா? குழந்தை தானே ஆடிய ஆட்டங்களை யாராவது பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறார்களா என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்க நிலையில் தனிப் பயிற்சி தேவையில்லை. காய்களின் நகர்வு, எளிய மேட் முறைகள், ஒரே குதிரை இரண்டு காய்களைத் தாக்கும் உத்தி ஆகியவற்றை நல்ல வீடியோக்களும், லிசெஸ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் புதிர்களுமே கற்றுத் தந்துவிடும். ஆனால் வீடியோவைப் பார்ப்பது வேறு, அதைக்கொண்டு பயில்வது வேறு. ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் வந்த செஸ் நிகழ்ச்சியின் புதிர்களை, அவர் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவருடைய தாயார் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் பலகையை வைத்துக்கொண்டு விடை தேடுவார்கள். இன்று குழந்தை வீடியோ பார்க்கும்போது, விடை சொல்லப்படுவதற்கு முன் அதை நிறுத்தி, பலகையில் காய்களை அடுக்கி, தன் நகர்த்தலைத் தாளில் எழுதவைத்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும்.

வீடியோவால் செய்ய முடியாதது எது என்பதை ஒரு மாணவனின் ஆட்டத்தில் தெளிவாகப் பார்த்தேன். யானையும் சிப்பாயும் கொண்ட எதிராளியை, யானையை மட்டும் வைத்துத் தடுக்கும் ஃபிலிடோர் நிலை அவனுக்கு மனப்பாடம். தன் ராஜாவைச் சிப்பாயின் பாதையில் நிறுத்திவிட்டு, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும்; சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகே யானையைக் கடைக்கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். இதை அவன் பிசகாமல் சொல்வான். போட்டியில் அதே நிலை வந்தபோதோ, சிப்பாய் நகர்வதற்கு முன்பே யானையை வரிசையிலிருந்து எடுத்துச் செக் கொடுத்துவிட்டான். யானை அதுவரை மறித்திருந்த வரிசைக்கு எதிராளியின் ராஜா முன்னேறியது. எளிதாக டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் கடினமான தற்காப்பாக மாறித் தோல்வியில் முடிந்தது. ஏன் அந்த செக் என்று கேட்டதற்கு, "செக் குடுத்தா அவன் ராஜாவ நகர்த்தித்தானே ஆகணும் சார்" என்றான். அவனுடைய முந்தைய தோல்விகளின் ஸ்கோர் ஷீட்டுகளை, அதாவது நகர்த்தல்களை எழுதிவைக்கும் தாள்களைப் புரட்டினால், தேவையில்லாத செக்குகள் ஒவ்வொன்றிலும் இருந்தன. அவனிடம் இருந்தது எண்ட் கேம் எனப்படும் ஆட்டத்தின் இறுதிக் கட்ட அறிவில் குறை அன்று. கண்ணில் பட்ட செக்கைக் கொடுத்துவிடும் பழக்கம். எந்த வீடியோவும் அவனை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

தனிப் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் அனைத்தும் தனிப் பயிற்சி அன்று என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். இருபது குழந்தைகளை ஒரே ஜூம் வகுப்பில் உட்காரவைத்து ஓபனிங் வரிகளை, அதாவது ஆட்டத் தொடக்கத்தின் நகர்த்தல் வரிசைகளைச் சொல்லிக்கொண்டே போவது, கட்டணம் செலுத்திப் பார்க்கும் வீடியோதான். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கின் உயர்வைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000க்குக் கீழ் இருந்த அனைவரின் ரேட்டிங்கையும் ஒரே முறையில் உயர்த்தி, குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000லிருந்து 1400 ஆக்கியது. 1200 வைத்திருந்த குழந்தை ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1520க்குப் போனது. அந்த 320 புள்ளிகள் எந்தப் பயிற்சியாளரின் சாதனையும் அல்ல.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன், குழந்தை அண்மையில் தோற்ற நான்கைந்து ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை அவரிடம் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "இங்கே என்ன நினைத்தாய்?" என்று குழந்தையைக் கேட்பவரை நம்பலாம். உடனே இன்ஜினை, அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலைத் திறந்து, "இதுதான் சரியான நகர்த்தல்" என்று காட்டுபவரின் வேலையை வீட்டிலேயே ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் இலவசமாகச் செய்துவிடும். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும் வரை குகேஷ் இன்ஜினின் துணையின்றித்தான் பயின்றார். அவருக்கு அப்போது பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது, சிறுவன் தானே கணக்கிட்டுப் பழக வேண்டும் என்பதற்காக.

வாரம் இருமுறை வகுப்புக்குப் பணம் கட்ட எல்லாக் குடும்பங்களாலும் முடியாது, கட்டவும் தேவையில்லை. ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஆட்டங்களை அலசித் தரும் பயிற்சியாளரும், இடைப்பட்ட நாட்களில் அவர் சுட்டிக்காட்டிய குறைக்கு ஏற்ற வீடியோக்களும் 1600, 1700 ரேட்டிங் வரை தாராளமாகப் போதும். அதற்கு முன்னேற்பாடாக, ஸ்கோர் ஷீட்டில் சில நகர்த்தல்களுக்கு ஒருமுறை கடிகாரத்தில் மீதமுள்ள நேரத்தையும் குறித்துவைக்கக் குழந்தையைப் பழக்குங்கள். அவசரத்தில் ஆடிய தவறு எது, யோசித்தும் புரியாமல் ஆடிய தவறு எது என்று பிரித்துப் பார்க்க, பயிற்சியாளருக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்கள்தான்.