சால்வர் கன்வெர்ஜ் ஆச்சுன்னு பீரியாடிக் பவுண்டரியை நம்பிடாதீங்க

கம்போசிட், ஃபோம், லாட்டிஸ்னு ஒரே ஒரு யூனிட் செல்லை (திரும்பத் திரும்ப வர்ற சின்னத் துண்டை) ஃபைனைட் எலிமெண்ட் சிமுலேஷன்ல எடுத்து மொத்த மெட்டீரியலுக்கும் விடை சொல்ற ரிப்போர்ட் எங்கிட்ட ரிவ்யூவுக்கு வந்தா நான் முதல்ல பாக்கறது மெஷ்ஷை (செல்லைச் சின்னச் சின்ன எலிமெண்டா வெட்டுன வலையை) இல்ல, எல்லைல என்ன கட்டியிருக்காங்கன்னுதான். மெஷ் மோசம்னா படத்துலயே தெரிஞ்சிடும், மெட்டீரியல் நம்பர் தப்புன்னா மீட்டிங்ல யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, ஆனா பீரியாடிக் கண்டிஷனை (எதிரெதிர் ஓரங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்ங்கற நிபந்தனையை) தப்பா போட்டா சால்வர் (கணக்கைப் போடற மென்பொருள்) பெரும்பாலும் ஒரு வார்னிங்கும் குடுக்காம ஓடி முடிச்சு, அழகா ஒரு காண்டூர் படமும் குடுத்து, பாக்க நியாயமாத் தெரியற ஒரு மாடுலஸையும் (விறைப்பு அளவையும்) கையில குடுத்துடும். அதுதான் இதுல இருக்கற ஆபத்து.

கண்டிஷன் என்னன்னு சுருக்கமா. தரைல ஒரே டிசைன் டைல்ஸ் வரிசையா ஒட்டியிருக்குன்னு வெச்சுக்கோங்க, அந்த மொத்தத் தரையையும் இழுத்தா ஒவ்வொரு டைலும் ஒரே மாதிரி உருமாறணும், பக்கத்து டைலோட இடைவெளியும் விழக்கூடாது, ஏறிக்கவும் கூடாது. அப்போ ஒரு டைலோட வலது ஓரம் எப்படி நெளியுதோ இடது ஓரமும் அச்சு அசலா அப்படியே நெளியணும். நெளியவே கூடாதுன்னு யாரும் சொல்லல! கணக்கா சொன்னா, வலது நோடோட (மெஷ்ல எலிமெண்டுங்க சேர்ற புள்ளியோட) நகர்வுல இருந்து அதோட ஜோடியான இடது நோடோட நகர்வைக் கழிச்சா வர்றது, சராசரி ஸ்ட்ரெயினை (உருமாற்ற விகிதத்தை) அந்த ரெண்டு நோடுக்கும் நடுவுல இருக்கற தூர வெக்டரால பெருக்குனதுக்கு சமமா இருக்கணும். பெரிய டிஃபர்மேஷன்னா ஸ்ட்ரெயினுக்கு பதிலா டிஃபர்மேஷன் கிரேடியன்ட்ல (முழு உருமாற்றத்தைச் சொல்ற மேட்ரிக்ஸ்ல) இருந்து ஐடென்டிட்டி மேட்ரிக்ஸைக் கழிச்சதைப் போடுவோம், தூரம் உருமாறுறதுக்கு முன்னாடி இருந்த தூரம்.

நான் அதிகமா பாக்கற தப்பு, ஃபேஸை (செல்லோட பக்கங்களை) எல்லாம் தட்டையாவே வெச்சுடறது. இது எங்கிருந்து வருதுன்னா, ஃபைபர் நடுவுல இருக்கற மாதிரி சமச்சீரான செல்லை நேரா இழுக்கும்போது பீரியாடிக் கண்டிஷன் உண்மையிலேயே தட்டை ஃபேஸ் கண்டிஷனா சுருங்கிடும், விடையும் சரியா வரும், அந்த தைரியத்துல அதே செட்டப்பை ஷியருக்கும் (பக்கவாட்டுல சரிக்கறதுக்கும்) தூக்கிட்டுப் போயிடறாங்க. ஷியர்ல ஃபேஸ் வளையணும். வளையவிடாம பிடிச்சா கூடுதலா கட்டிப்போட்ட மாதிரி ஆகி மாடுலஸ் ஏறிடும். எல்லை முழுக்க நேர்கோட்டு நகர்வைக் குடுத்தா கிடைக்கறது பீரியாடிக் விடைக்குக் கீழ போகவே போகாது, ஒரே சீரான டிராக்ஷன் (பரப்பு மேல வர்ற விசை) குடுத்தா அதுக்கு மேல போகாது, பீரியாடிக் ரெண்டுக்கும் நடுவுல. அதனால ஜாக்கிரதையா இருக்கோம்னு நினைச்சு எல்லையை இறுக்கிக் கட்டுறவங்க நிஜத்தைவிட விறைப்பான மெட்டீரியலை டிசைன் டீமுக்குக் குடுத்துட்டு இருக்காங்க.

அடுத்தது ஜோடி சேர்க்கறது. ஒவ்வொரு நோடுக்கும் நேர் எதிர்ல ஒரு நோடு வேணும், அதனால மெஷ் போடும்போதே ஒரு ஃபேஸோட மெஷ்ஷை எதிர் ஃபேஸுக்கு காப்பி பண்ணுங்க, ஜிமெஷ், காம்சால்னு ரெண்டு மென்பொருள்லயும் அதுக்கு வழி இருக்கு. அபாகஸ் மென்பொருள்ல ஈக்வேஷனை நோடு செட் வெச்சு எழுதுனா முதல் செட்டோட முதல் நோடு இரண்டாவது செட்டோட முதல் நோடோட ஜோடி சேரும், ஆனா செட்டு சாதாரணமா நோடு நம்பர் வரிசைல அடுக்கப்படும், நீங்க குடுத்த வரிசை அப்படியே இருக்கணும்னா அன்சார்ட்டட்னு தனியா சொல்லணும். சொல்லலைன்னா மேல் மூலை நோடு எதிர்ப்பக்கத்துல எங்கயோ இருக்கற நோடோட கைகோத்துக்கும். என் கருத்து, ஸ்கிரிப்ட்ல கோஆர்டினேட் வெச்சு ஜோடி தேடி, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியா ஈக்வேஷன் எழுதிடறதுதான் நிம்மதி. டாலரன்ஸை செல் அளவை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மிகச்சின்ன எலிமெண்ட் ஓரத்தை வெச்சு முடிவு பண்ணுங்க. செகண்ட் ஆர்டர் எலிமெண்ட்னா ஓரத்தோட நடுவுல இருக்கற நோடையும் மறந்துடாதீங்க. மெஷ் பொருந்தவே இல்லைன்னா ஒரு பக்க நோடை எதிர்ப்பக்க எலிமெண்டோட ஷேப் ஃபங்ஷன்ல (நோடு மதிப்பை எலிமெண்டுக்குள்ள பரப்பற சூத்திரத்துல) இன்டர்போலேட் பண்ணிக் கட்டலாம், மார்ட்டார் முறையும் (நோடு நோடா இல்லாம சராசரியாப் பொருத்தறது) இருக்கு, ஆனா ஸ்கேன்ல இருந்து எடுத்த ஜியாமெட்ரில இடது ஃபேஸ்ல ஃபைபரும் வலது ஃபேஸ்ல வெற்று மேட்ரிக்ஸும் இருந்தா அங்க பிரச்சினை மெஷ் இல்ல, ஜியாமெட்ரியே பீரியாடிக் இல்ல.

கார்னரும் எட்ஜும்தான் நிறைய பேர் மாட்டிக்கற இடம். 2டி சதுரத்துல 4 கார்னர், வலது இடது மேல் கீழ்னு அப்படியே எழுதிட்டுப் போனா அதுங்களுக்குள்ள 4 உறவு வரும், தேவை 3தான், நாலாவது மத்த மூணுல இருந்தே வந்துடும். 3டி க்யூப்ல 8 கார்னருக்கு 12 உறவு விழும், தேவை 7. எலிமினேஷன் முறைல ஈக்வேஷனோட முதல் உறுப்பை சால்வர் அழிச்சிடும், அழிச்ச டிகிரி ஆஃப் ஃப்ரீடமை (ஒரு நோடு ஒரு திசைல நகர்ற அளவை) இன்னொரு ஈக்வேஷன்லயோ பவுண்டரி கண்டிஷன்லயோ போட்டா எரர் வரும், அப்படி வந்தா சந்தோஷப்படுங்க, உங்க கணக்கு தப்புன்னு ஒருத்தன் சொல்றான். லக்ராஞ்ச் மல்டிப்ளையர் முறைன்னா (ஒவ்வொரு உறவுக்கும் கூடுதலா ஒரு மாறி சேர்க்கறது) இந்த உபரி உறவு மேட்ரிக்ஸை சிங்குலர் ஆக்கிடும், மேட்ரிக்ஸ் ஏற்கனவே பாசிட்டிவ் டெஃபினிட்டும் இல்ல, அதனால பாசிட்டிவ் டெஃபினிட் மேட்ரிக்ஸைக் கேக்கற சாதா சோலெஸ்கி சால்வர் அங்க வேலை செய்யாது. பெனால்டி முறைல (உறவை மீறுனா ரொம்பப் பெரிய விறைப்பால தடுக்கறது) எதுவுமே நடக்காத மாதிரி ஓடும், ஆனா டபுள் பிரிசிஷன்ல மொத்தமே சுமார் 16 இலக்கம், பெனால்டியை ஸ்டிஃப்னஸைவிட 10 இலக்கம் ஏத்தி வெச்சா மிச்சம் இருக்கற 6 இலக்கத்துலதான் உங்க விடை உக்காரணும். அதனால ஃபேஸ் உட்புறம், எட்ஜ் உட்புறம், கார்னர்னு மூணா பிரிச்சு, ஒரே திசைல போற 4 எட்ஜுக்கு ஒண்ணு மாஸ்டர் (மத்தது அதைப் பின்பற்றும்), 8 கார்னருக்கு ஒண்ணு மாஸ்டர்னு எழுதுங்க.

அப்புறம் மாடல் மிதக்காம இருக்க ஒரே ஒரு நோடை மட்டும் பிடிச்சா போதும். சுத்தறதை பீரியாடிக் கண்டிஷனே தடுத்துடும், நகர்றதை மட்டும்தான் தடுக்கணும். பாதுகாப்புக்காகன்னு ஒரு முழு ஃபேஸையே ஃபிக்ஸ் பண்றவங்க இருக்காங்க, அதோட பீரியாடிக் கதை முடிஞ்சது.

சராசரி ஸ்ட்ரெயினை ஒரு டம்மி நோடோட (மெஷ்ல சேராத தனி நோடோட) டிகிரி ஆஃப் ஃப்ரீடமா வெச்சுட்டா ரொம்ப வசதி, அங்க வர்ற ரியாக்ஷனை வால்யூமால வகுத்தா சராசரி ஸ்ட்ரெஸ் வந்துடும், ஒரு திசைல மட்டும் ஸ்ட்ரெஸ் வேணும்னா மத்த டம்மி டிகிரியை சும்மா விட்டுடலாம். ரெண்டு இடத்துல கவனம். ஷியருக்கு இன்ஜினியரிங் ஸ்ட்ரெயினை (முழுக் கோண மாற்றத்தை) வெச்சீங்கன்னா வர்றது நேரா ஷியர் ஸ்ட்ரெஸ், டென்சர் ஸ்ட்ரெயினை (அதுல பாதியை) வெச்சீங்கன்னா அதுல ரெண்டு மடங்கு வரும். ஃபோம், லாட்டிஸ்ல வகுக்க வேண்டியது ஓட்டையையும் சேர்த்த முழு செல் வால்யூம், எலிமெண்ட் வால்யூமைக் கூட்டி அதால வகுத்தா 20% மட்டும் திடமா இருக்கற செல்லுக்கு விடை 5 மடங்கு ஏறி நிக்கும்.

இப்ப செக் பண்றதுக்கு வருவோம். எல்லாரும் பண்றது, மொத்த செல்லுக்கும் ஒரே மெட்டீரியல் குடுத்து ஸ்ட்ரெஸ் எல்லா இடத்துலயும் ஒண்ணா வருதான்னு பாக்கறது. பண்ணுங்க, ஆனா அதுல பாஸ் ஆனதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஒரே மெட்டீரியல்ல நெளிவே கிடையாது, அதனால தட்டை ஃபேஸ் கட்டுனவரும் பாஸ், ஒவ்வொரு ஜோடியோட நிஜ கோஆர்டினேட் வித்தியாசத்தை வெச்சு எழுதியிருந்தா ஜோடியையே மாத்திப் போட்டவரும் பாஸ்!

நெளிவு வர்ற டெஸ்ட் வேணும். சுலபமானது ரெண்டு அடுக்கு லேமினேட். வெப்பக் கடத்துத்திறன் ஒண்ணுல 1, இன்னொண்ணுல 100, பாதிப்பாதி கனம்னா அடுக்கு வழியா 50.5, அடுக்குக்குக் குறுக்க 1.98. முதல் நம்பர் எல்லைல நேர்கோட்டு வெப்பநிலையைத் திணிச்சாலும் சரியாவே வரும், மாட்டிவிடறது இரண்டாவதுதான், திணிச்சிருந்தா 1.98க்கு மேல போயிடும். இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, செல்லை அரை அளவு நகர்த்திப் பாக்கறது. ஃபைபர் நடுவுல இருக்கற சதுர செல்லும், கால் கால் ஃபைபரா நாலு மூலைலயும் இருக்கற செல்லும் ஒரே மெட்டீரியலைத்தான் சொல்லுது, வெட்டுன இடம்தான் வேற. மெஷ் வித்தியாசத்தால வர்ற சின்ன மாற்றம் போக ஷியர் மாடுலஸ் ஒண்ணா வரணும். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அந்த வித்தியாசம் குறையலைன்னா உங்க எல்லை பீரியாடிக் இல்ல.

மின் மோட்டாரோட ஒரு செக்டாரை (வட்டத்துல ஒரு துண்டை) மட்டும் மாடல் பண்றவங்களுக்கும் ஒண்ணு. ஒரு போல் (காந்தத் துருவம்) மட்டும் எடுத்தா ஃபீல்டு எதிர்ப்பக்கத்துல குறி மாறும், அதனால ஆன்டி பீரியாடிக் போடணும், ரெண்டு போல் எடுத்தா சாதா பீரியாடிக். எவ்ளோ வெட்டலாம்ங்கறது போலை மட்டும் வெச்சு இல்ல, ஸ்லாட் (காயில் உக்கார்ற பள்ளம்) எண்ணிக்கையும் போல் எண்ணிக்கையும் சேர்ந்த மீப்பெரு பொது வகுத்தியை வெச்சு. 48 ஸ்லாட் 8 போல்னா எட்டுல ஒரு பங்கு போதும். 12 ஸ்லாட் 10 போல்னா பாதிதான் வெட்ட முடியும், அதுக்குள்ள 5 போல் வர்றதால ஆன்டி பீரியாடிக். 9 ஸ்லாட் 8 போல்னா வெட்ட வழியே இல்ல, முழு மாடலை ஓட்டுங்க.