நார்டூ மாவுக்குள் இருக்கும் நொதி

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஓடும் கூப்பர் ஓடைப் பகுதி யான்ட்ருவாந்தா பழங்குடிகளின் மண். வெள்ளம் வடிந்த சேற்றில் அங்கே நார்டூ முளைக்கிறது. நமது ஆரைக்கீரையின் நெருங்கிய உறவான பெரணி இது. இலை நான்காகப் பிரிந்திருக்கும். பெரணிக்கு விதை கிடையாது. ஸ்போர்கள் எனும் இனப்பெருக்க நுண்துகள்களைப் பொதிந்து வைத்திருக்கும் சிறிய, கெட்டியான உறைகள்தான் உண்டு. சேறு காய்ந்ததும் அவற்றைப் பொறுக்கி, கல்லில் அரைத்து மாவாக்குவார்கள்.

மாவுச்சத்து மிகுந்த அந்த உணவில் தயமினேஸ் என்ற நொதியும் இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடுகிறது. மாவுச்சத்திலிருந்து உடல் ஆற்றலைப் பெற அந்த வைட்டமின் கட்டாயம் வேண்டும். பக்குவம் செய்யாத நார்டூவைத் தொடர்ந்து தின்றால் வயிறு நிறையும், உடலோ நலிந்துகொண்டே போகும். நரம்பும் இதயமும் தளரும். நார்டூவை மேய்ந்த செம்மறியாடுகளுக்கு மூளை பாதித்ததும் உண்டு.

யான்ட்ருவாந்தா மக்களின் பக்குவத்தை இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். உறைகளை முதலில் நெருப்பில் வறுத்தார்கள். வெப்பம் நொதியை வலுவிழக்கச் செய்கிறது. பிறகு தாராளமாக நீர் விட்டு அரைத்துக் கரைத்தார்கள். இந்த நொதி தனியாக இயங்காது. வைட்டமினைப் பிளக்க அதற்கு வேறொரு துணைப்பொருளும் தேவை. நீர்த்த கரைசலில் இவை ஒன்றையொன்று சந்திப்பது அரிதாகிறது. கரைசலை அள்ளிக் குடித்தது சிப்பி ஓட்டால். இலையால் அள்ளினால் அந்தத் துணைப்பொருள் இலையிலிருந்தே கிடைத்துவிடலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நொதி என்ற சொல்லே பிறக்காத காலத்தில், தலைமுறை தலைமுறையாக உண்டு பார்த்துக் கண்டறிந்த வேதியியல் இது. நார்டூவை வெறும் ‘நச்சுச் செடி’ என்று எழுதுவது இந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

1861-இல் பர்க், வில்ஸ், கிங் என்ற மூன்று ஆய்வுப் பயணிகள் இந்த ஓடைக்கரையில் உணவின்றித் தவித்தார்கள். யான்ட்ருவாந்தா மக்கள் மீனும் நார்டூ அப்பமும் கொடுத்தார்கள். பர்க்கோ துப்பாக்கியால் சுட்டு அவர்களை விரட்டினார். மூவரும் தாங்களே நார்டூவை இடித்துத் தின்றார்கள். பசி நன்றாக எடுக்கிறது, நார்டூவும் ருசிக்கிறது, ஆனாலும் உடலில் ஒட்டவில்லை என்ற பொருள்பட வில்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். நாடித்துடிப்பு 48-க்கு இறங்கியிருந்தது. ஜூன் இறுதியையொட்டி அவரும் பர்க்கும் இறந்தார்கள். பட்டினியோடு பி1 குறைபாடும் சேர்ந்து கொன்றிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் கணிப்பு.

கிங் மட்டும் யான்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் பக்குவம் செய்து தந்த நார்டூவையும் மீனையும் உண்டு, செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை உயிரோடு இருந்தார்.