சிரிக்க வைத்தே துப்பை ஒளிப்பது எப்படி?

நகைச்சுவை கலந்த துப்பறியும் தொடர்களில் முதல் காட்சியிலேயே ஒரு பிணம் கிடக்கும். துப்பறிய வந்தவரோ அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரில் படம் கோணலாகத் தொங்குகிறதே என்று அங்கலாய்ப்பார். நாமும் சிரிப்போம், கொலை நடந்த வீட்டில்!

இந்தச் சிரிப்புக்குப் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஏதோ தப்பு நடக்கிறது, ஆனால் அதனால் பாதகமில்லை என்று ஒரே நேரத்தில் தோன்றினால் சிரிப்பு வரும். இந்த வகைத் தொடர்கள் அந்தப் 'பாதகமில்லை'யைப் பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. செத்தவரோடு நமக்குப் பழக்கமே இருக்காது, பெரும்பாலும் ஆளும் கொஞ்சம் மோசமானவராக இருப்பார், ரத்தத்தையும் அதிகம் காட்டமாட்டார்கள்.

சரி, இது சிரிக்க அனுமதி கிடைத்த கதைதான். மர்மமும் நகைச்சுவையும் ஏன் இவ்வளவு கச்சிதமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு உளவியலாளர் ஜெர்ரி சல்ஸ் 1972இல் சொன்னது உதவும். ஜோக் உங்களை ஒரு பக்கம் கூட்டிப்போய், கடைசி வரியில் கவிழ்க்கிறது. மூளை உடனே திரும்பிப்போய், எல்லாம் பொருந்துகிற வேறொரு அர்த்தத்தைத் தேடிப் பிடிக்கிறது. இதில் 'ஜோக்' இருக்கும் இடத்தில் 'மர்மக்கதை' என்று போட்டுப் படியுங்கள், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அங்கே சில நொடிகளில் முடிவது இங்கே முக்கால் மணி நேரம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

இதில் கதாசிரியருக்கு ஒரு தலைவலி உண்டு. துப்பை நம் கண்முன்னே வைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றிவிட்டார் என்போம்; ஆனால் நாம் அதைக் கவனிக்கவும் கூடாது. அதற்கு ஜோக்கை விட நல்ல ஒளிவிடம் கிடையாது. ஒரு வசனத்துக்குச் சிரித்துவிட்டால், 'இது சிரிக்க வைக்க வந்தது, வேலை முடிந்தது' என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். மேஜிக் செய்பவர்களும் கூட்டம் சிரித்துத் தளரும் நொடியில்தான் கையை நகர்த்துவார்கள்.

2002 முதல் 2009 வரை ஓடிய 'மங்க்' தொடரில் துப்பறியும் நாயகனுக்கு ஓசிடி, அதாவது ஒரே எண்ணம் திரும்பத் திரும்பத் துரத்தும் மனநோய். எதுவும் இம்மி பிசகக் கூடாது என்று அவர் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம், அந்தப் பாடுதான் மற்றவர்கள் கண்ணில் படாத பிசகை அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. 'கொலம்போ' என்ற தொடரில் பெரும்பாலும் கொலைகாரன் யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள், அதனால் நம்மிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. துப்பறியும் கொலம்போவின் கசங்கிய கோட்டும், அவர் வாசல்வரை போய்த் திரும்பிவந்து 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று கேட்பதும் கொலைகாரனை அசட்டையாக இருக்க வைப்பதற்கு!

இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1987இல் உளவியலாளர் ஆலிஸ் ஐசனும் சகாக்களும் செய்த சோதனை. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள், தீக்குச்சிகள் கொடுத்து, மெழுகு கீழே சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் பொருத்தச் சொன்னார்கள். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி, அதன்மேல் வர்த்தியை வைக்க வேண்டும். ஆனால் பெட்டியை வெறும் ஊசி வைக்கும் பெட்டியாகவே பார்ப்பதால் பலருக்கும் இது தோன்றாது. சற்று முன்பு நகைச்சுவைப் படம் பார்த்தவர்கள், கணிதப் படம் பார்த்தவர்களை விட அதிகமாக விடையைக் கண்டுபிடித்தார்கள். வெறும் பெட்டி, வெறும் ஜோக், இரண்டும் ஒரே மாதிரிப் பொறிதான். அப்படியானால் துப்பை மறைக்கிற சிரிப்பே அதைப் பிடிக்கிற புத்தியையும் கொஞ்சம் இளக்கிவிடுகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது, இது என் ஊகம்தான்.

அப்புறம், இந்த வகையில் எல்லாமே தேறுவதில்லை. சில தொடர்களில் கூட வரும் நண்பர் ஜோக்கடித்துவிட்டுப் போவார், அந்த ஜோக்கையெல்லாம் வெட்டி எறிந்தாலும் வழக்கில் ஒரு நூல்கூட அறுந்திருக்காது. அதையெல்லாம் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.