பழைய கிட்டாரின் உள்ளே: கழற்றும் முன் அளந்து பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் என் வேலைமேசைக்கு வரும் பழைய எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை தேய்ந்து கெட்டவை அல்ல, உப்பேறிக் கெட்டவை. வடகடலும் தென்கடலும் இருபுறமும் நெருக்கி நிற்கும் இந்த நிலத்தில், உலோக அரிப்பை ஆராய்வதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனை நிலையத்தை வைத்திருக்கிறது. பாம்பன் பாலத்து இரும்பை அரிக்கும் அதே காற்றுதான் கிட்டாரின் சிறு தகடுகளையும் அரிக்கிறது. தேய்மானத்துக்கும் களிம்புக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல், நல்ல உறுப்புகளைக் குப்பையில் போடுகிறோம்.

சென்ற ஆண்டு கச்சான் காற்று அடித்த நாட்களில், தங்கச்சிமடத்திலிருந்து கோயில் பாடகர் குழுவில் வாசிக்கும் மூத்த கலைஞர் ஒருவர் வந்தார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் 1970களில் சிங்கப்பூரில் வாங்கி வந்த ஜப்பானியக் கிட்டார் அது. வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு. தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் காந்தச் சுருளான பிக்கப் மூன்றில் நடு பிக்கப்பில் ஓசையே இல்லை. ஒயரை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. “தம்பி, உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டுப் புதுசாப் போட்டுடு” என்றார். “அளந்து பார்த்துட்டுச் சொல்றேண்ணே” என்றேன்.

முதலில் ஒயரின் பிளக்கைச் செருகும் துளையான ஜாக்கைக் கழற்றினேன். பிளக்கின் முனையைப் பிடிக்கும் தகட்டில் பாசி படர்ந்ததுபோல் பச்சைக் களிம்பு. இதை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அடி உலோகமும் அரிக்கப்படும். மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, தடித்த தாளின் ஒரு கீற்றை இடையில் விட்டு இழுத்தாலே களிம்பு வந்துவிடும். ஆனால் இந்தத் தகடு வளைந்த வாக்கிலேயே நின்றுவிட்டது, விறைப்பு இல்லை. எனவே ஜாக்கை மாற்றினேன். ஒரு கிட்டாரின் மின் உறுப்புகளில் உண்மையாகவே தேய்வது பெரும்பாலும் இதுதான்.

அடுத்து வால்யூம் பாட், அதாவது குமிழின் அடியில் மூன்று கால்களோடு இருக்கும் மாறு மின்தடை. புதிதாக வேலை பழகுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 250 கிலோ ஓம் பாட்டைச் சுற்றிலிருந்து பிரிக்காமல் மல்டிமீட்டரை வைத்தால், பிக்கப்பின் சுருள் இணையாக நிற்பதால் ஆறு, ஏழு கிலோ ஓம்தான் காட்டும். அதைப் பார்த்து, பாட் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு காலைப் பிரித்தெடுத்து அளக்க வேண்டும். 20 சதவீத வேறுபாடு பழைய பாட்டுகளில் இயல்பு. 200 முதல் 300 வரை எது வந்தாலும் கவலை வேண்டாம். பிறகு நடுக்காலில் அளந்துகொண்டே மெதுவாகத் திருப்புங்கள். அளவு சீராக ஏறினால் பாட் நல்லது. இந்தக் கிட்டாரின் இரண்டு டோன் பாட்டுகளும் சில துளி கிளீனருக்கும் முப்பது நாற்பது திருப்பலுக்கும் தெளிந்துவிட்டன. வால்யூமில் மட்டும் ஓரிடத்தில் அளவு அறவே மறைந்தது: கரிப்பாதை அறுந்திருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது பாட்டின் மரையுள்ள கழுத்தின் அளவைப் பாருங்கள். அமெரிக்க வகைக்குச் சுமார் 9.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஜப்பானிய வகை அதைவிடச் சிறியது. கையில் கிடைத்த பாட்டுக்காகப் பழைய கிட்டாரின் துளையைப் பெரிதாக்கினால் அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

நடு பிக்கப்தான் எனக்கு மனநிறைவு தந்த வேலை. மீட்டர் தொடர்பே இல்லை என்றது. இந்த நிலையில் புதிய பிக்கப் வாங்கச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் சுருளின் கம்பி ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவே பருமன். உப்பு முதலில் கடிப்பது அது வெளி ஒயரோடு சேரும் முனையைத்தான். உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்த முனை பச்சைப் பொடியாக உதிர்ந்திருந்தது. வெளிச்சுற்றில் ஒன்றை மட்டும் பிரித்து, எனாமலைச் சுரண்டிப் பற்றவைத்ததும் மீட்டர் 5.8 கிலோ ஓம் காட்டியது. உள்முனை அறுந்திருந்தால் முழுவதையும் மறுபடி சுற்றியிருக்க வேண்டும்.

டோன் பாட்டோடு சேர்ந்து ஓசையின் கூர்மையைக் குறைக்கும் மின்தேக்கியான டோன் கெப்பாசிட்டரைப் பழையது என்ற காரணத்துக்காகவே மாற்ற வேண்டாம். பேட்டரி இல்லாத கிட்டாரில் அதன்மேல் பொருட்படுத்தத்தக்க மின்னழுத்தம் இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வேறு இனம்: அது காலத்தால் கெடும், சுவிட்சை அணைத்த பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது.

கிட்டாரின் தந்திகள் ஒயரின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைந்தவை. நம் கரையோரத்தில் எர்த் குழாய் உப்பு மண்ணில் அரித்துப் போயிருப்பது சாதாரணம். அப்படியிருந்து ஆம்ப்ளிஃபயருக்குள் கசிவும் ஏற்பட்டால், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைப்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். உள்ளே எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும் இதற்கு அது மருந்தாகாது. கோயில் அரங்கின் எர்த்தைச் சோதித்த பிறகே வாசிக்கச் சொன்னேன்.

கழற்றிய ஜாக்கையும் பாட்டையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு ஒரு உறையில் போட்டு, தேதி எழுதிக் கிட்டார் பெட்டிக்குள் வைத்தேன். அமெரிக்கக் கிட்டார்களில் பாட்டின் முதுகிலுள்ள எண்ணே காலத்தைச் சொல்லும்: 1376633 என்றால் 137 தயாரிப்பாளர், 66 என்பது 1966ஆம் ஆண்டு, 33 என்பது அந்த ஆண்டின் 33ஆவது வாரம். அந்தப் பாட்டை எறிந்தால் அந்தச் சான்றும் போகும். இந்த ஜப்பானியப் பாட்டில் அப்படி எண் இல்லை. அண்ணன் கையால் திருப்பிய பாட் என்று சொல்லி, பெரியவர் உறையைத் தடவிப் பார்த்துப் பெட்டியை மூடினார்.