உள்ளே அழற்சி என்றால் வலி மாத்திரையா?

போன வாரம் கிளினிக்குக்கு வந்த தம்பிக்கு 31 வயது. ரங்கூனில் ஒரு போன் கடையில் வேலை. வாயில் குதப்பிய வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, கைலி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, ரோஸ் ஒன்று. அட்டை இல்லை, பெயர் இல்லை. மருந்துக் கடையில் கையால் கலந்து கட்டிக் கொடுக்கிறார்களே, அந்தப் பொட்டலம்தான். மூன்று மாதமாக தினம் ஒன்று.

"ரத்தத்துல சிஆர்பி கூடன்னாங்க டாக்டரம்மா. உள்ள வீக்கம், ஹார்ட்டுக்குக் கெடுதல்னு போன்ல பாத்தேன். அதான் வீக்க மாத்திரை."

அவர் வீக்கம் என்றது அழற்சியை; உடம்பில் அது இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்தான் சிஆர்பி. நெஞ்சு அழுத்துகிறது என்றுதான் வந்திருந்தார். ஈசிஜி எடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். நாற்பது தாண்டாதவர்களில் இந்த ஆண்டு இப்படி வந்த நான்காவது ஆள் இவர். எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் போனில் பார்த்ததில் பாதி சரி. ரத்தக் குழாயில் கொழுப்பு படிவதோடு அழற்சியும் சேர்ந்துதான் அடைப்பை வளர்க்கிறது. அது ஐம்பது வயதில் தொடங்குவதும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாயில் நோயின் தடம் இருந்தது. நம்மவர்களுக்கு இன்னும் மோசம்: மற்ற நாட்டவரைவிட தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஐந்தாறு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

மீதிப் பாதி, அதற்கு வீக்க மாத்திரை போடுவது, அதுதான் ஆளைக் கொல்லும். மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் எல்லாம் 'அழற்சி நீக்கி'தான். ஆனால் குழாய்ச் சுவரில் இருக்கும் அழற்சியை அவை தணிப்பதில்லை; மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன. கூட்டுகின்றன! முதல் சில வாரங்களிலேயே அது தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதய நோயாளிக்கு டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது என்று ஐரோப்பா 2013-லேயே சொல்லிவிட்டது. இதயத்துக்காக அழற்சியைக் குறைக்கும் மருந்து இல்லாமல் இல்லை. கோல்ச்சிசின் இருக்கிறது, மிகக் குறைந்த அளவில், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டும். அது பொட்டலத்தில் வருகிற சமாச்சாரம் இல்லை.

சிலர் 'உள்ளே சூடு' என்று புரிந்துகொண்டு இளநீர், எண்ணெய்க் குளியல் என்று இறங்குகிறார்கள். செய்யட்டும், சந்தோஷம். அழற்சி வேறு, சூடு வேறு.

சிஆர்பி என்பது புகை மாதிரி; எங்கே எரிகிறது என்று அது சொல்லாது. சளி பிடித்தாலும் ஏறும், பல் சீழ் பிடித்தாலும் ஏறும். இந்தத் தம்பியின் ஈறைத் தொட்டாலே ரத்தம் வந்தது. நாளுக்குப் பத்து வெற்றிலை, புகையிலை போட்டு. நாலு வேளை கண்டென்ஸ்டு மில்க் டீ. ஆள் ஒல்லி, ஆனால் இடுப்பு 94 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே நான் முறைப்பேன்.

ஆகவே, புகையிலையை விடுங்கள். வெற்றிலையில் வைத்தாலும் அது புகையிலைதான். முப்பது வயதானால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒரு தடவை பாருங்கள்; அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சீக்கிரமே மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்னால். சோரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயோ, மூட்டுகள் வீங்கும் முடக்குவாதமோ இருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அழற்சி அங்கேயும் வேலை செய்கிறது. பல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் 'கேஸ்' என்று டீக்கடையில் உட்காராதீர்கள்.

அப்புறம் அந்தப் பொட்டலம். மாதக்கணக்கில் தின்றிருந்தால் இதைப் படித்த கையோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அப்படியே கொண்டு வாருங்கள். திட்டுவேன், ஆனால் பார்த்துச் சொல்வேன்.